அளவு சரி, ஆனால் சேர மாட்டேங்குது: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை. ரெண்டு லேத், ஒரு மில்லிங், கடனில் வாங்கிய ஒரு வி.எம்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மில்லிங் மெஷின்). பாலிடெக்னிக் முடித்துப் பயிற்சிக்கு வரும் தம்பிகள், கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கமிருந்து போட் ஷாஃப்ட்டோடு வருபவர்கள், சேதராப்பட்டிலிருந்து டிராயிங் அனுப்பும் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சாக்பீஸால் மேஜையில் படம் போட்டுக் காட்டி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஒரு பாகத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி பதில்கள் எளிதாகப் புரியும். மேல் மூடி, கீழ்ப் பெட்டி என்று இரண்டு பாதியாக வரும் ஒரு அலுமினியக் கேஸிங். இரண்டிலும் பேரிங் உட்கார 52 மி.மீ. போர், அதாவது உள்ளே கடைந்த ஓட்டை. நடுவில் 25 மி.மீ. ஷாஃப்ட். இரண்டு பாதியையும் நேராக நிறுத்த ரெண்டு டோவல் பின், இறுக்க நாலு போல்ட். எங்களுக்கு நிஜமாகவே வந்த ஜாப் இது. முதல் லாட்டில் நாற்பது பீஸில் பதினேழு திரும்பி வந்தது. ஏன் என்பது எட்டாவது கேள்வியில்.

1. அண்ணே, டாலரன்ஸ்னா தப்பு பண்ண குடுக்குற பர்மிஷன்தானே?

அப்படியும் சொல்லலாம். 25 மி.மீ. என்று டிராயிங்கில் போட்டிருந்தால் உலகத்தில் எந்த மெஷினும் 25.000000 வெட்டித் தராது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் டாலரன்ஸ். வரைந்தவருக்கும் வெட்டுபவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் யாரும் சண்டைக்கு வர முடியாது. ஒரு மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினாலும் நீங்கள் வாதாட முடியாது.

2. டாலரன்ஸ், கிளியரன்ஸ் ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் பின்னால் எல்லாம் குழம்பும். ஒரே பாகம் பீஸுக்கு பீஸ் எவ்வளவு வித்தியாசப்படலாம் என்பது டாலரன்ஸ். இரண்டு பாகம் சேரும்போது நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது கிளியரன்ஸ். லூஸாகச் சுற்ற வேண்டிய ஒரு கீலை மிகக் கறாரான டாலரன்ஸில் செய்யலாம். ஆயிரம் கீல் செய்தாலும் எல்லாம் ஒரே அளவு லூஸாக இருக்கும். அதேபோல் டைட்டாக ஏற வேண்டியதை அசட்டையான டாலரன்ஸில் செய்தால் ஒன்று டைட்டு, ஒன்று ஆட்டம், ஒன்று ஏறவே ஏறாது.

3. எச்7 (H7), ஜி6 (g6), பி6 (p6)னு எழுத்தும் நம்பருமா போட்டிருக்காங்க. எப்படி படிக்கிறது?

எழுத்து எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்கிறது. எண் அந்த எல்லை எவ்வளவு அகலம் என்பதைச் சொல்கிறது. எண் கூடக்கூட அகலம் கூடும். பெரிய எழுத்து ஓட்டைக்கு, சிறிய எழுத்து ஷாஃப்ட்டுக்கு. ஐ.எஸ்.ஓ. 286 என்ற தரத்தில் அட்டவணை இருக்கிறது. நம் நாட்டில் ஐ.எஸ். 919.

25 மி.மீ.க்குப் பார்ப்போம். எச்7 ஓட்டை என்றால் 25.000 முதல் 25.021 வரை. ஜி6 ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை. எந்த ஓட்டையில் எந்த ஷாஃப்டைப் போட்டாலும் குறைந்தது 7 மைக்ரான், அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி இருக்கும். எண்ணெய்ப் படலத்தோடு வழுக்கிக்கொண்டு ஓடும். அதே ஓட்டைக்கு பி6 ஷாஃப்ட் போட்டால் 25.022 முதல் 25.035 வரை, அதாவது ஷாஃப்ட் எப்போதுமே ஓட்டையைவிடப் பெரிது. பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். எழுத்தைப் பார்த்ததும் ஓடுமா, பிடிக்குமா என்று சொல்லத் தெரிந்தால் போதும். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், சுவரில் சார்ட்டை ஒட்டிவிடுங்கள்.

4. டிராயிங்ல டாலரன்ஸே போடலை. அப்ப நம்ம இஷ்டத்துக்கு வெட்டலாமா?

டிராயிங்கின் மூலையில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். ஐ.எஸ். 2102 அல்லது ஐ.எஸ்.ஓ. 2768, நடுத்தரம் என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படியானால் 6 முதல் 30 மி.மீ. வரையான அளவுக்கு ±0.2, 30 முதல் 120 வரை ±0.3, 120 முதல் 400 வரை ±0.5. பெட்டியிலும் எதுவும் இல்லை என்றால் போன் செய்து கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். கேட்காமல் வெட்டிக் குப்பையில் போட்ட உலோகத்தின் விலையில் ஒரு வருடத்துக்கு போன் பேசலாம்.

5. நாங்க நூல் கணக்குலதான் சொல்லுவோம். அதை மைக்ரான்ல எப்படி மாத்துறது?

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. ‘அரை நூல் குறைச்சுடு தம்பி’ என்று ஒரு பெரியவர் சொன்னால் 1.6 மி.மீ. எடுக்கச் சொல்கிறார். கதவு நிலைக்கு அது சரி. ஷாஃப்ட்டுக்கு வந்தால் பழைய லேத்துக்காரர்கள் ‘தௌ’ என்பார்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, 25.4 மைக்ரான். மூன்றாவது பதிலில் சொன்ன 25 எச்7-இன் மொத்த எல்லையும் ஒரு தௌவுக்குக் கீழே அடங்கிவிடுகிறது. தலைமுடி சுமார் மூன்று தௌ தடிமன் என்று வைத்துக்கொண்டால், முடி அளவு கூட நாம் தப்பு செய்ய முடியாது.

6. என்கிட்ட நல்ல டிஜிட்டல் வெர்னியர் இருக்கு. அது போதாதா?

பொது அளவுகளுக்குப் போதும், எச்7-க்குப் போதாது. 21 மைக்ரான் எல்லையை 20 மைக்ரான் படிக்கும் வெர்னியரால் அளப்பது, வீட்டு எடைத் தராசில் தங்கம் நிறுப்பது போல. டிஜிட்டல் திரையில் 0.01 என்று காட்டினாலும் தாடையின் தேய்மானமும் உங்கள் கை அழுத்தமும் அதை விழுங்கிவிடும். எல்லையில் பத்தில் ஒரு பங்கைப் படிக்கும் கருவி வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. ஷாஃப்ட்டுக்கு மைக்ரோமீட்டர், போருக்கு போர் கேஜ், எண்ணிக்கை அதிகம் என்றால் கோ, நோ-கோ பிளக் கேஜ். கோ முனை ஏற வேண்டும், நோ-கோ முனை ஏறக் கூடாது. படிக்கத் தெரியாதவரும் சோதிக்கலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. வியர்வைக் கையால் தொட்ட கேஜைத் துடைக்காமல் வைத்துவிட்டுப் போனால் காலையில் உங்கள் கைரேகை துருவாகப் பதிந்திருக்கும். எண்ணெய் துணியால் துடைத்து டப்பாவில் வைப்பது சாயங்காலப் பூஜை மாதிரி. எங்கள் பட்டறையில் அதைச் செய்யாமல் யாரும் வண்டியை எடுக்கக் கூடாது.

7. மெஷின்ல இருந்து எடுத்து அளந்தேன், சரியா இருந்துச்சு. மறுநாள் காலைல பேரிங் ஏறலை. பேய் ஏதும் இருக்கா?

பேய் இல்லை, சூடு. டிராயிங்கில் உள்ள எல்லா அளவும் 20 டிகிரி செல்சியஸில் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் மே மாதம் 38 டிகிரி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் விரியும், இரும்பு அதில் பாதி. 100 மி.மீ. அலுமினியம் 38 டிகிரியில் 41 மைக்ரான் பெரிதாகக் காட்டும்.

இப்போது நம் 52 மி.மீ. போரை எடுத்துக்கொள்ளுங்கள். எச்7 என்றால் எல்லை 30 மைக்ரான். வெட்டி முடித்த சூட்டில் பீஸ் 50 டிகிரியில் இருக்கும்போது அளந்தால், 20-க்கு ஆறும்போது 36 மைக்ரான் சுருங்கிவிடும். எல்லையைவிடச் சுருக்கம் பெரிது. ஏசி ரூம் இல்லையே என்றால், பீஸையும் மைக்ரோமீட்டரையும் ஒரே இரும்பு மேஜையில் ஒரு மணி நேரம் சேர்த்து ஆறவிடுங்கள். இரும்புப் பீஸ் என்றால் கருவியும் பீஸும் சேர்ந்தே விரிவதால் தப்பு பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, கணக்குப் போட வேண்டும்.

8. எல்லா ஓட்டையும் அளவு கரெக்ட். மூடியும் கரெக்ட், பெட்டியும் கரெக்ட். ஆனா ரெண்டும் சேர மாட்டேங்குது. ஏன்?

எங்கள் பதினேழு பீஸ் திரும்பி வந்தது இதனால்தான். அன்று மதியம் நடந்ததைச் சொல்கிறேன். மூடியைப் பெட்டி மேல் வைத்தோம், முதல் பின் விரலாலேயே இறங்கியது. இரண்டாவது பின் பாதி வரை போய் நின்றது. பையன் சுத்தியலை எடுத்தான். நாலு தட்டில் இறங்கிவிட்டது, அவனுக்குச் சந்தோஷம். ஷாஃப்ட்டைப் போட்டுக் கையால் சுற்றினேன். ஒரு சுற்றில் ஓரிடத்தில் கனமாகவும் எதிர்ப்பக்கத்தில் லேசாகவும் வந்தது. பின்னைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்தப் பளபளப்புதான் சாட்சி. ஓட்டையின் அளவில் தப்பில்லை, இடத்தில் தப்பு.

அளவு வேறு, இடம் வேறு. ஓட்டை எவ்வளவு பெரிது என்று பிளக் கேஜ் சொல்லும். அது எங்கே இருக்கிறது என்று பிளக் கேஜுக்குத் தெரியாது. நாங்கள் செய்த தப்பு இரண்டு. மூடியை ஒரு ஓரத்தை ஆதாரமாக வைத்து வெட்டினோம், பெட்டியை எதிர் ஓரத்தை ஆதாரமாக வைத்து வெட்டினோம். இரண்டு ஓரத்துக்கும் நடுவில் உள்ள மொத்த நீளத்தின் டாலரன்ஸ் முழுக்க ஓட்டையின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நாலாவது பதிலில் சொன்ன ±0.3 அது.

இரண்டாவது தப்பு, சங்கிலி அளவு. முதல் ஓட்டையிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று ஒவ்வொன்றுக்கும் ±0.1 போட்டால் ஐந்தாவது ஓட்டைக்கு வரும்போது ±0.4 ஆகியிருக்கும். கல்யாண வீட்டில் ஒருவர் காதில் சொன்னது அஞ்சாவது ஆளிடம் வேறு சேதியாகப் போய்ச் சேருவது போல. எல்லா ஓட்டையையும் ஒரே ஆதாரத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த ஆதாரத்துக்கு டேட்டம் என்று பெயர். சேரும் இரண்டு பாகத்துக்கும் அது ஒன்றுக்கொன்று பொருந்துகிற இடமாக இருக்க வேண்டும். நாங்கள் அடுத்த லாட்டில் முதல் பின் ஓட்டையையே டேட்டமாக எடுத்தோம். நாற்பதும் சேர்ந்தது.

9. டிராயிங்ல வட்டத்துக்குள்ள பிளஸ் மார்க் போட்ட ஒரு குறி இருக்கே, அது என்ன?

இடத்துக்கான டாலரன்ஸ். எட்டாவது பதிலின் வியாதிக்கு மருந்து. பழைய முறையில் நீளவாக்கில் ±0.1, அகலவாக்கில் ±0.1 என்று போட்டால் ஓட்டையின் மையம் ஒரு சின்னச் சதுரத்துக்குள் எங்கும் இருக்கலாம். சதுரத்தின் மூலை மையத்திலிருந்து 0.14 தள்ளி இருக்கிறது. மூலைவாட்டில் 0.14 தள்ளினால் பாஸ், நேராக 0.11 தள்ளினால் ரிஜெக்ட். உருண்டைப் பின்னுக்கு மூலை ஏது? அது எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே மாதிரிதான் இடிக்கும். அதனால் சதுரத்துக்குப் பதில் 0.28 விட்டமுள்ள வட்டம் கொடுத்தார்கள். பாகம் அதேபோல் சேரும், வெட்டுபவருக்கு இடம் 57 சதவீதம் கூடுதல்.

இந்த யோசனையைச் சொன்னவர் ஸ்டான்லி பார்க்கர், ஸ்காட்லாந்தில் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சரியாகச் சேரும் பாகங்களை இன்ஸ்பெக்ஷனில் தூக்கிப் போடுகிறார்களே என்ற எரிச்சலில் பிறந்ததாகத்தான் இருக்கும். அந்த எரிச்சல் எனக்கும் தெரியும்.

10. அந்தக் குறி இருக்குற பெட்டிக்குள்ள வட்டத்துல ‘எம்’னு இருந்தா?

போனஸ் உண்டு என்று அர்த்தம். ஓட்டை மிகச் சிறியதாக, உதாரணமாக 10.0 ஆக இருக்கும்போது இட டாலரன்ஸ் 0.28. ஓட்டை 10.1 ஆக வந்தால் அந்த 0.1-ஐயும் சேர்த்து மையம் இருக்க வேண்டிய வட்டத்தின் விட்டம் 0.38 ஆகிவிடும். பெரிய ஓட்டைக்குள் பின் எப்படியும் நுழையும் என்பதுதான் காரணம். போல்ட் ஓட்டைகளுக்குப் போடலாம். பேரிங் போருக்குப் போட்டிருந்தால் வரைந்தவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.

11. ரெண்டு டோவல் பின்னுக்குப் பதிலா நாலு போட்டா இன்னும் நேரா நிக்குமே?

நிற்காது, சண்டை போடும். ஒரு பின் மூடியை நகரவிடாமல் பிடிக்கிறது. இரண்டாவது பின் அது திரும்பாமல் தடுக்கிறது. அதோடு வேலை முடிந்தது. மூன்றாவதும் நாலாவதும் ஏற்கெனவே முடிவான விஷயத்துக்கு வேறு பதில் சொல்லும். சொல்லப்போனால் இரண்டாவது பின்னுக்கே முழு வட்ட ஓட்டை அதிகம்; முதல் பின்னை நோக்கிய திசையில் கொஞ்சம் நீளமான ஸ்லாட்டாகப் போட்டால் இரண்டு பின்னுக்கும் நடுவில் உள்ள தூரத்தின் தப்பை அது விழுங்கிக்கொள்ளும்.

நாலு போல்ட்டும் நேராக நிறுத்தும் வேலைக்கு இல்லை. 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. ஓட்டை போடுவதே அவை எங்கும் இடிக்காமல் இறுக்க மட்டும் செய்யட்டும் என்றுதான். பின் நிறுத்தும், போல்ட் இறுக்கும்.

12. எதுக்கு இவ்ளோ வம்பு? ரெண்டையும் சேத்துக் கிளாம்ப் பண்ணி ஒரே நேரத்துல டிரில் போட்டு ரீமர் விட்டா தீந்துச்சு.

தீர்ந்தது, உண்மைதான். ஒரே ஒரு கியர் பாக்ஸ் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். 52 மி.மீ. போரையும் மூடியை இறுக்கிய பிறகு ஒரே பாரில் லைன் போரிங் செய்தால் இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும்.

ஆனால் அந்த மூடிக்கும் அந்தப் பெட்டிக்கும் தாலி கட்டியாகிவிட்டது. நம்பர் குத்தி ஜோடி ஜோடியாகவே அனுப்ப வேண்டும். ரெண்டு வருடம் கழித்து மூடி மட்டும் உடைந்தது என்று போன் வந்தால் உங்களால் தனி மூடி செய்து அனுப்ப முடியாது. நாற்பது பீஸில் எந்த மூடியும் எந்தப் பெட்டிக்கும் சேர வேண்டும் என்றால் எட்டு, ஒன்பதாவது பதில்களின் வழிதான்.

13. இந்த கேஜ், டாலரன்ஸ் எல்லாம் துப்பாக்கி செய்யுறதுல இருந்து வந்ததுன்னு சார் கிளாஸ்ல சொன்னாரு. நெசமா?

பெரும்பகுதி நிஜம். பன்னிரண்டாவது பதிலில் சொன்ன தாலிதான் அந்தக் காலத்துத் துப்பாக்கி முழுக்க. ஒவ்வொன்றையும் ஒரு கொல்லர் அரம் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சேர்ப்பார். போர்க்களத்தில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் பக்கத்துத் துப்பாக்கியின் ஸ்பிரிங் உதவாது. பிரான்சில் ஓனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் 1785-இல் ஐம்பது விசை அமைப்புகளின் பாகங்களைக் கலந்து வைத்தார். அப்போது பாரீஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சேர்த்துப் பார்த்து, அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம். இங்கே இருந்த மஸ்கட் துப்பாக்கிகள் ஒவ்வொன்றும் அரம் தேய்த்தவையாகத்தான் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் எலி விட்னி 1801-இல் இதேபோல் செய்துகாட்டிப் பெயர் வாங்கினார். ஆனால் அவர் பட்டறைத் துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் கழற்றிப் பார்த்தபோது பாகங்கள் மாற்றிப் போட முடியாதவையாகவே இருந்தன. உண்மையிலேயே சாதித்தவர்களில் ஒருவர் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் வேலை பார்த்த ஜான் ஹால்; 1820-களில் ஒவ்வொரு பாகத்துக்கும் கேஜ் வைத்து, எல்லா அளவையும் ஒரே ஆதாரத்திலிருந்து எடுத்தார். நாங்கள் பதினேழு பீஸ் தூக்கிப் போட்டுக் கற்றதை அவர் இருநூறு வருடம் முன்பே தெரிந்து வைத்திருந்தார்.

நீங்கள் பெட்டியில் வைத்திருக்கும் ஸ்லிப் கேஜும் அந்த வழிதான். கார்ல் எட்வர்ட் யோஹான்சன் சுவீடனில் எஸ்கில்ஸ்டுனா ரைஃபிள் தொழிற்சாலையில் இருந்தவர். ஜெர்மனியில் மவுசர் தொழிற்சாலையில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிக் கட்டையாக அலமாரி நிறைய வைத்திருந்ததைப் பார்த்தார். சில கட்டைகளை ஒட்டி அடுக்கினால் எல்லா அளவும் கிடைக்குமே என்று 1896-இல் அவருக்குத் தோன்றியது. 102 கட்டைகளில் 1 முதல் 201 மி.மீ. வரை 0.01 இடைவெளியில் இருபதாயிரம் அளவு.

14. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளோட ரிசீவர்ல அலைன்மென்ட் ரொம்ப முக்கியம்னு வீடியோல பார்த்தேன். அதுல அப்படி என்ன இருக்கு?

ரிசீவர் என்பது நம் கேஸிங் மாதிரிதான், ஆனால் கோபக்காரக் கேஸிங். முன்பக்கம் பேரல் (குழல்) அதில் மாட்டுகிறது, உள்ளே போல்ட் (நம் இறுக்கும் போல்ட் இல்லை, தோட்டாவைத் தள்ளிப் பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) முன்னும் பின்னும் ஓடுகிறது, கீழே தோட்டா வைக்கும் மேகஸின், விசை. எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று சரியான இடத்தில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. கையால் இழுக்கும் பழைய ரைஃபிளில் ஏதாவது சிக்கினால் சுடுபவர் கையில் உணர்ந்து கொஞ்சம் பலம் கூட்டுவார். தானாகத் திரும்பி அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிளில் அந்தக் கை இல்லை. வாயு அழுத்தமும் ஸ்பிரிங்கும் கொடுக்கும் பலம் எவ்வளவோ அவ்வளவுதான். பேரலின் மையக் கோடும் போல்ட் ஓடும் கோடும் ஒன்றாக இல்லாவிட்டால் உராய்வு கூடும், பூட்டும் பற்களில் ஒன்று மட்டும் பாரம் தாங்கும். எட்டாவது பதிலில் ஒரு பக்கம் மட்டும் பளபளத்த பின்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டாவது பதில் உதவும். கலாஷ்னிகோவ் (ஏ.கே.-47) ரைஃபிளை ‘லூஸாகச் செய்தது, அதனால் மண்ணிலும் ஓடுகிறது’ என்பார்கள். ஓடும் பாகங்களுக்கு நடுவில் தாராளமான கிளியரன்ஸ் வைத்தது நிஜம். புகைக் கரியும் மணலும் போக இடம் வேண்டும். ஆனால் பேரல் உட்காரும் இடமும் பூட்டும் பற்களும் லூஸ் இல்லை. எங்கே இடைவெளி, எங்கே கறார் என்று பிரித்ததுதான் கெட்டிக்காரத்தனம். போட்டிக்குச் சுடும் ரைஃபிளில் இடைவெளியைக் குறைப்பார்கள், பதிலுக்குச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘சின்ன பார்ட்தான் அண்ணே, டிராயிங் தரேன்’ என்று யாராவது வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம்.

15. போட்டைக் கரைல வெச்சு ஷாஃப்ட் அலைன்மென்ட் பார்த்தோம், கச்சிதம். தண்ணில இறக்கினதும் அதிருது. யார் தப்பு?

கடலூர் ஓ.டி.யிலும் தேங்காய்த்திட்டிலும் இதைக் கேட்காதவர் இல்லை. யார் தப்பும் இல்லை, போட் வளைகிறது. கரையில் கட்டைகள் தாங்கும் வடிவம் வேறு, தண்ணீர் தாங்கும் வடிவம் வேறு. தண்ணீரில் இறக்கி ஒரு நாள் விட்டு, டீசல், ஐஸ், வலை எல்லாம் வழக்கமான பாரத்தில் இருக்கும்போது திரும்பப் பாருங்கள்.

இன்ஜின் பக்கத்தையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி இரண்டு முகத்தையும் தொடவிட்டு, சுற்றிலும் நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். கப்ளிங் விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஒரு தௌ வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது பழைய கணக்கு. நாலு அங்குலக் கப்ளிங் என்றால் நாலு தௌ, 0.1 மி.மீ. அதற்கு மேல் இருந்தால் இன்ஜின் காலுக்கடியில் ஷிம், அதாவது மெல்லிய தகடு. கப்ளிங்கைப் பாதிச் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். இடைவெளி அதே இடத்தில் நின்றால் அலைன்மென்ட் கோளாறு. கப்ளிங்கோடு சேர்ந்து சுற்றினால் கப்ளிங் முகமே கோணல், அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அப்போது எங்களிடம் வாருங்கள். அதற்கு முன் வந்தால் வீண் அலைச்சல்.

16. எல்லாத்துக்கும் 10 மைக்ரான்னு போட்டுட்டா பிரச்னையே இல்லையே சார்?

உங்களுக்கு இல்லை, பில் போடும்போது தெரியும். லேத்தில் முடியும் வேலை கிரைண்டிங்குக்குப் போகும், ஒவ்வொன்றையும் ஆறவிட்டு அளக்க வேண்டும், ரிஜெக்ஷன் கூடும். நம் கேஸிங்கில் கறார் வேண்டிய இடம் ரெண்டு பேரிங் போர், ரெண்டு பின் ஓட்டை, சேரும் முகத்தின் சமதளம். மீதி எல்லாம் நாலாவது பதிலின் பொது டாலரன்ஸ். வெளிப்பக்க வளைவுக்கு 10 மைக்ரான் போட்டு ஒரு டிராயிங் வந்தது. எதற்கு என்று கேட்டேன். ‘குவாலிட்டி சார்’ என்றார்கள்.

17. எல்லாம் கரெக்டா முடிச்சு ஆனோடைஸிங் அனுப்பினோம். திரும்பி வந்ததும் பின் ஏறலை.

ஆனோடைஸிங் என்றால் அலுமினியத்தின் மேல் ஒரு கடினமான படலம் வளர்ப்பது. அந்தப் படலத்தில் சுமார் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வளரும். 50 மைக்ரான் கடின ஆனோடைஸ் என்றால் ஒரு சுவருக்கு 25 மைக்ரான். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் சுவர், எனவே விட்டம் 50 மைக்ரான் சுருங்கும். முன்கூட்டியே பெரிதாக வெட்டுங்கள், இல்லை ஓட்டையை அடைத்து அனுப்புங்கள். டிராயிங்கில் உள்ள அளவு படலத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

18. முதல் பீஸ் ஓகே. அதே புரோகிராம், அதே மெஷின். முப்பதாவது பீஸ் எப்படி தப்பாகும்?

டூல் தேய்கிறது, ஸ்பிண்டில் சூடாகிறது, வெட்டின உலோகத்தின் ஒரு சின்னச் சுருள் வைஸில் பீஸுக்கடியில் மாட்டிக்கொள்கிறது. மூன்றாவதுதான் அதிகம். 0.1 தடிமன் சுருள் ஒரு ஓரத்தில் மாட்டினால் பீஸ் சாய்ந்து நிற்கும், ஓட்டை கோணலாக இறங்கும். ஒவ்வொரு பீஸுக்கும் ஏர் அடித்து, விரலால் தடவிப் பார்த்து வைக்க வேண்டும். பிசிறும் அப்படித்தான். முந்தின வெட்டில் வந்த பிசிறை அரம் போட்டு எடுக்காமல் டேட்டம் முகத்தை உட்கார வைத்தால், எட்டாவது பதிலில் படித்த எல்லாமே வீண்.

19. மூணு தாடை சக்குல புடிச்சு போர் பண்ணேன். மெஷின்லயே மைக்ரோமீட்டர் வெச்சேன், சரி. கழட்டியும் எல்லாப் பக்கமும் வெச்சுப் பார்த்தேன், ஒரே அளவுதான் காட்டுது. ஆனா பேரிங் ஏற மாட்டேங்குது. இப்ப என்ன சொல்றீங்க?

இதைக் கேட்ட தம்பியை எனக்குப் பிடித்துப்போனது. மெல்லிய வளையத்தை மூன்று தாடை அழுத்தும்போது அது லேசாக மூன்று மூலை வடிவத்துக்கு நெளிகிறது. நெளிந்த நிலையில் நீங்கள் உருண்டையாக வெட்டுகிறீர்கள். தாடையைத் தளர்த்தியதும் வளையம் பழைய நிலைக்குத் திரும்புகிறது, போர் மூன்று மூலையாகிவிடுகிறது.

தந்திரம் என்னவென்றால், மூன்று மூலை வடிவத்தில் ஒரு பக்கம் புடைத்திருந்தால் நேர் எதிரே உள்ளே வாங்கியிருக்கும். இரண்டு புள்ளியில் தொடும் எந்தக் கருவியும் எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும். மூன்று புள்ளியில் தொடும் இன்டர்னல் மைக்ரோமீட்டர் கண்டுபிடிக்கும். ஆறாவது பதிலின் பிளக் கேஜில் கோ முனை அந்த போருக்குள் போகவே போகாது.

அந்தத் தம்பிக்குச் சாஃப்ட் ஜா (வேலைக்கேற்ப வெட்டிக்கொள்ளும் மெதுவான தாடை) போட்டு, வளையத்தைச் சுற்றி முழுக்க அணைக்கும்படி வெட்டிக் கொடுத்தேன். கடைசி வெட்டுக்கு முன் தாடையை ஒரு தடவை தளர்த்தி, லேசாகப் பிடித்து 0.2 மி.மீ. மட்டும் எடுக்கச் சொன்னேன். ஆறவிட்டு, கோ முனையை எண்ணெய் தொட்டு வைத்தான். தன் எடையிலேயே மெதுவாக உள்ளே இறங்கியது. நோ-கோ வாசலிலேயே நின்றது.